என்ஜின் நின்ற பிறகு ஏறும் சூடு

பிளாஸ்டிக் இழையை உருக்கிப் பொருளாகவே அச்சிடும் நம் 3D பிரிண்டரை எப்படி ஓட்டுவது என்று, கடையில் என்னோடு வேலை பார்க்கும் உங்களுக்குச் சொல்லித்தர நான் இதை எழுதவில்லை. அதில் உங்கள் கை என் கையைவிட வேகம். உடைந்த பல்சக்கரம் ஒன்றை நான் வெர்னியர் வைத்து அளந்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வரைந்து முடிப்பதற்குள், நீங்கள் போனில் படம் பிடித்தே வடிவத்தை எடுத்துவிடுகிறீர்கள். நல்லது. நான் சொல்ல வந்தது வேறு. நாம் செய்து கொடுத்த பொருள் நம் கையைவிட்டுப் போய்விட்டது. அது தாங்காது என்று பிறகுதான் நமக்குத் தெரிகிறது. அப்போது வாங்கியவரிடம் என்ன சொல்வது, எந்தச் சொல்லில் சொல்வது? இந்த இடத்தில்தான் நான் தோற்றேன். கடையில் உங்கள் முன்னால் நின்றுகொண்டு இதைச் சொல்ல எனக்குத் தைரியம் வராது. அதனால் எழுதுகிறேன்.

நான் சென்னைப் பக்கம் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் அச்சு வரையும் பிரிவில் வேலை பார்த்தவள் என்பது உங்களுக்குத் தெரியும். விடிந்தும் விடியாமலும் திருத்தணியில் ரயில் ஏறி, இருட்டிய பிறகு திரும்பி வந்த வாழ்க்கை. ஓய்வு பெற்ற பிறகு சும்மா இருக்க முடியாமல் இந்தக் கடையைப் போட்டேன். அம்மையார்குப்பத்து விசைத்தறிக்காரர்கள்தான் முதல் வாடிக்கைக்காரர்கள். தறியில் தேய்ந்துபோன சின்னச் சின்னத் துண்டுகள், மிக்ஸி மூடி, தையல் மிஷின் பிடி என்று வேலை வந்துகொண்டே இருந்தது. கடையில் கிடைக்காத பாகமா, மலையடியில் ஓர் அக்கா செய்து தருகிறார் என்று ஊரில் பேச்சு பரவியது. அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. கொஞ்சம் அதிகமாகவே பிடித்திருந்தது.

யூசுப்பை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பஜாரில் டீசல் என்ஜின் மெக்கானிக். கிணற்று மோட்டார், பம்புசெட் எல்லாம் அவர் கைக்குப் பழக்கம். என்னைவிடப் பதினைந்து வயதாவது இளையவர். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். அவருடைய தங்கை மும்தாஜைப் பழவேற்காட்டில் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். மாப்பிள்ளை அப்துல் காதர் சொந்தமாக ஃபைபர் படகு வைத்துக் கடலுக்குப் போகிறவர்.

ஒரு மாசி மாதத்தில் யூசுப் ஓர் அலுமினிய எல்போவைக் காகிதத்தில் சுற்றி எடுத்து வந்தார். எல்போ என்றால் குழாய் வளைவு, அவ்வளவுதான். படகு என்ஜினைக் குளிர வைக்கக் கடல் தண்ணீரை உள்ளே இழுத்துச் சுற்றவிட்டு வெளியே தள்ளுவார்கள். தண்ணீர் வெளியே வரும் இடத்தில் இருந்த வளைவு அது. உப்பு அரித்துச் சல்லடையாகியிருந்தது.

"பழைய மாடல் என்ஜின்க்கா. இந்தச் சாமான் எங்கேயும் வர்றதில்ல. மச்சான் நாலு கடை ஏறி எறங்கிட்டாரு. நீங்க போட்டுக் குடுங்க."

"சூடு எவ்வளவு இருக்கும்?" என்று கேட்டேன். கேட்காமல் இல்லை.

"சில்லுனு கடல் தண்ணி ஓடிக்கினே இருக்குதுக்கா உள்ள. கை வெச்சா வெதுவெதுன்னுதான் கீது."

என்னிடம் இருந்தது சாதாரண ரகப் பிளாஸ்டிக் இழை. மிக்ஸி மூடிக்கும் பொம்மைக்கும் போடுகிற அதே ரகம். எந்தப் பிளாஸ்டிக் எந்தச் சூட்டில் தளரும் என்பதை வேலையாகவே பார்த்தவள் நான். இந்த ரகம் கொதிக்கிற தண்ணீருக்கு வெகு முன்பே இளகிவிடும் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் வெதுவெதுப்புதானே என்று நினைத்துக்கொண்டேன். ஒரு சோதனையும் செய்தோம். யூசுப்பின் ஷெட்டில் அதே அளவு என்ஜின் ஒன்று இருந்தது. அதில் என் எல்போவை மாட்டி, மேல்தொட்டியிலிருந்து தண்ணீரைத் திறந்துவிட்டு ஒரு காலைப்பொழுது முழுக்க ஓட்டினோம். ஒரு சொட்டு ஒழுகவில்லை. என்ஜினை நிறுத்தித் தொட்டுப் பார்த்தோம். சில்லென்று இருந்தது. யூசுப் அதைக் கழற்றிக் கண்ணெதிரே பிடித்துச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அந்தச் சோதனையில் எது தப்பு என்று உங்களுக்கு இந்நேரம் தெரிந்திருக்கலாம். எனக்குத் தெரியவில்லை. ஷெட்டில் என்ஜின் நின்ற பிறகும் தொட்டித் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. படகில் அப்படி இல்லை. அங்கே தண்ணீரை இழுப்பதே என்ஜின்தான். அது நின்றால் தண்ணீரும் நின்றுவிடும். இரும்புக்குள் அதுவரை அடங்கியிருந்த சூடு, இனித் தணிக்க ஆளில்லாமல் மேலே ஏறும். ஏறுகிற வழியில் என் எல்போ இருந்தது.

யூசுப்பே பழவேற்காட்டுக்குப் போய், ரப்பர் குழாயை எல்போவில் செருகிக் கிளிப்பால் முறுக்கிப் படகில் மாட்டினார். நன்றாக ஓடியது. காதர் போனில் என்னைப் புகழ்ந்தார். அதே மாடல் என்ஜின் வைத்திருந்த அக்கம்பக்கத்துப் படகுக்காரர்களும் கேட்டார்கள் என்று யூசுப் சொல்ல, இன்னும் சிலவற்றை அச்சிட்டு அனுப்பினேன். எங்கள் ஊரில் கடலே கிடையாது. மலையும் பாறையும் வெயிலும்தான். அப்படிப்பட்ட ஊரிலிருந்து நான் செய்த சாமான் கடலில் போகிறது என்பதைக் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன்.

பங்குனி கடைசியில் அரக்கோணத்துக்கு ஒரு வேலையாகப் போனேன். வண்டியை ஸ்டேஷன் பக்கத்து ஸ்டாண்டில் விட்டிருந்தேன். மதியம் திரும்பி வந்து, ஹெல்மெட்டுக்காகச் சீட்டைத் தூக்கினேன். அடியில் ஓர் எல்போ கிடந்தது. அடுத்த முறை யூசுப்பிடம் கொடுக்கலாம் என்று போட்டு வைத்து மறந்துபோனது. வட்டமாக இருந்த அதன் வாய் நீள்வட்டமாகத் தொங்கியிருந்தது. கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. விரலால் அழுத்தினேன். பதிந்தது.

வெயிலில் நின்ற ஸ்கூட்டரின் சூட்டுக்கே இப்படி. என்ஜின் நின்றால் அங்கே என்ன ஆகும் என்பது அந்த ஸ்டாண்டில் நின்றபோதே எனக்குப் புரிந்துவிட்டது. தொட்டித் தண்ணீரும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இதையெல்லாம் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், தெரியாமல் செய்தேன் என்று பின்னால் சொல்லிக்கொள்ள எனக்கு இடமில்லை.

உடனே காதருக்குப் போன் செய்தேன். அதில் தாமதம் இல்லை. கரையில்தான் இருந்தார். எடுத்ததும் குரலில் சந்தோஷம்.

"அக்கா! இப்பத்தான் உங்கள நெனச்சேன். நம்ம ஆளுங்க எல்லாம் திருத்தணி அக்கா, திருத்தணி அக்கான்னு சொல்லிகினு கீறாங்க. ஒருநாள் வாங்க, எறால் வறுத்துப் போடறேன்."

என் கையில் அந்தத் தொங்கிப்போன எல்போ இருந்தது. கழட்டுங்கள், இப்போதே கழட்டுங்கள், அது உருகிவிடும், நான் தப்பாகப் போட்டுக் கொடுத்துவிட்டேன் என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். என் வாயிலிருந்து வந்தது வேறு.

"காதர், அதவிடக் கெட்டியான ரகத்துல ஒண்ணு போட்டுத் தரலாம்னு இருக்கேன்பா. மாத்திக்கிட்டா நல்லது."

"இதுவே நல்லா ஓடிக்கினு கீதுக்கா. இன்னா அவசரம்?"

கையிலிருந்த எல்போவைப் பைக்குள் போட்டேன்.

"ஆங். சரி. புதுசு வந்ததும் மாத்திக்கலாம்," என்றேன்.

அவ்வளவுதான். யூசுப்பைக் கூப்பிட்டும் இதே வார்த்தைகளைத்தான் சொன்னேன். கெட்டியான ரகம், மாற்றிக்கொள்ளலாம், நல்லது. அவரும் சரிக்கா என்றார். நான் கெடுதலைச் சொல்லி எச்சரிக்கவில்லை. நல்லதைச் சிபாரிசு செய்தேன். எது அவசரம், எது அவசரமில்லை என்று கேட்பவருக்கு நம் குரல்தான் சொல்கிறது. என் குரலில் ஒரு கடைக்காரி பேசினாள்.

கம்பெனியில் எனக்கு மேலே இருந்த ஒருவரை அன்று நினைத்திருக்க வேண்டும். எங்கள் சரக்கில் குறை என்று தெரிந்தால் அவர் வாங்கியவருக்குப் போன் போடுவார். எதிர்முனையில் எடுத்ததும் அவர் சொல்லும் முதல் சொல் "நிறுத்துங்க" என்பதுதான். வணக்கமெல்லாம் பிறகு. வெட்கமில்லாத மனிதர் என்று நாங்கள் முதுகுக்குப் பின்னால் சிரிப்போம். அவர் வெட்கத்தைப் பார்க்காமல் வேலையைப் பார்த்தார் என்பது எனக்கு வெகு காலம் கழித்துத்தான் உறைத்தது.

புது ரக இழைக்கு ஆர்டர் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். அது வந்து சேர்வதற்குள் ஒரு காலை யூசுப் கடைக்கு வந்தார். உள்ளே வரவில்லை. வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்திருந்தது.

"மச்சான் படகு கவுந்துடுச்சுக்கா."

ஆளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்கக்கூட முடியவில்லை. அவரே சொன்னார். காதரும் அவருடைய தம்பியும் போயிருக்கிறார்கள். வலை இழுக்க என்ஜினை நிறுத்தியிருக்கிறார்கள். இழுத்து முடித்துத் திரும்பக் கிளப்பியதும் தண்ணீர்க் குழாய் பிடுங்கிக்கொண்டு கொதிதண்ணீர் காதரின் கையில் அடித்திருக்கிறது. வெளியே போக வேண்டிய தண்ணீர் என்ஜின் மேலேயே கொட்ட, அது நின்றுவிட்டது. காற்று படகை முகத்துவாரத்துப் பக்கம் தள்ளியது. அங்கே அலை உடைகிற இடத்தில் குறுக்கே மாட்டிக் கவிழ்ந்தது. தம்பி வலைக்கு அடியில் சிக்கிக்கொண்டார். வெந்த கையோடு காதர்தான் வலையை அறுத்து அவரை வெளியே இழுத்திருக்கிறார். பின்னால் வந்த படகு இருவரையும் தூக்கியது. தம்பி ஆஸ்பத்திரியில் இருந்தார். உயிருக்குப் பயமில்லை என்று சொல்லியிருந்தார்கள். என்ஜின் கடலடியில்.

"என் கையால போச்சுக்கா," என்றார் யூசுப். "கிளிப்ப நான்தான் மாட்டினேன். சரியா முறுக்கல போல கீது. எவ்வளவு யோசிச்சாலும் முறுக்கினேனா இல்லியான்னு நெனவு வர மாட்டேங்குது. தங்கச்சி மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

என் மேஜை இழுப்பறையில் அந்த வளைந்த எல்போ இருந்தது. அவருக்கும் அதற்கும் நடுவில் ஒரு பலகைதான். படகில் இருந்தது கடலோடு போய்விட்டது. இனி யாரும் எடுத்துப் பார்க்கப் போவதில்லை. இந்த நினைப்பு எனக்கு வந்தது என்பதை மறைக்காமல் சொல்கிறேன். அது தானாக வந்தது. வந்ததும் ஒரு நிமிடம் உடம்பு லேசானது. என் வாழ்க்கையில் நான் மிகவும் வெட்கப்படுவது அந்த ஒரு நிமிடத்துக்குத்தான். போனில் சொன்ன வார்த்தைக்குக்கூட அவ்வளவு இல்லை.

"வருத்தப்படாதே" என்று யூசுப்பிடம் சொன்னேன். பிறகுதான் கேட்டேன், "மத்த படகெல்லாம்?"

"எல்லாருக்கும் சொல்லிட்டேன்க்கா. கிளிப்ப நல்லா இறுக்கிக்கினு போறாங்க."

போகிறார்கள். அதே எல்போவோடு, இறுக்கிய கிளிப்பை நம்பி, தினமும் போகிறார்கள்.

எழுந்தேன். கடையைச் சாத்தினேன். "நானும் உன்கூட வர்றேன், யூசுப். இப்பவே போகணும். அங்க போன் பண்ணி, நான் வர்ற வரைக்கும் அந்த எல்போ போட்ட படகு எதுவும் கடலுக்குப் போகக் கூடாதுன்னு சொல்லு." ஏன் என்று கேட்டார். "அங்க வந்து சொல்றேன்" என்றேன். திருவள்ளூர், பொன்னேரி என்று பஸ் மாறிப் போனோம். வழியெல்லாம் அவர் கிளிப்பைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். பொன்னேரி தாண்டியதும் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். எல்லோர் முன்னாலும் ஒரே முறையாகச் சொல்லிவிடலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் ஒரு மனிதரிடம் சொல்லவே எனக்கு வாய் வரவில்லை.

பழவேற்காட்டு வீட்டில் காதர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். முழங்கை வரை கட்டுப் போட்டிருந்தது. என்னைப் பார்த்ததும் எழப் போனார். யூசுப்பை அவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. மும்தாஜ் எனக்கு நாற்காலி போட்டு டீ கொண்டுவந்து கொடுத்தார். அண்ணனுக்கும் கொடுத்தார், ஆனால் கையில் கொடுக்காமல் தரையில் வைத்தார். யூசுப் அதை எடுக்கவில்லை.

"நீங்க எதுக்குக்கா இவ்ளோ தூரம்?" என்றார் காதர். "உங்க சாமான் மேல ஒரு குத்தமும் இல்ல. மாட்டினவரு ஒழுங்கா மாட்டியிருந்தா..."

என் பையிலிருந்து அந்த எல்போவை எடுத்துக் கட்டிலில் வைத்தேன்.

"அவர் ஒழுங்காத்தான் மாட்டினாரு காதர். குத்தம் சாமான் மேலதான். என் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில வெயில்லயே இப்படி ஆயிடுச்சு. என்ஜின நிறுத்தினதும் ஏறுற சூட்டுக்கு உங்க படகுல இருந்ததும் இப்படித்தான் இளகியிருக்கும். நான் போட்ட பிளாஸ்டிக் தப்பான ரகம். எனக்கு இது முன்னாடியே தெரியும்."

காதர் இடது கையால் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார். "அன்னைக்குப் போன் பண்ணீங்களே... மாத்திக்கலாம்னு. அது இதுக்குத்தானா?"

"ஆமாம்."

"நான்தானே இன்னா அவசரம்னு சொன்னேன்," என்றார். அந்த நிலைமையிலும் பாதிப் பழியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளப் பார்த்தார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மும்தாஜ் விடவில்லை. குரலை உயர்த்தாமல்தான் கேட்டார். "அக்கா, இப்ப சொன்னீங்களே, அதே பேச்ச அன்னைக்குப் போன்ல சொல்லியிருந்தா இவரு அதக் கழட்டி வீசிட்டு வீட்ல படுத்துக்கினு இருந்திருப்பாரே. ஏன் சொல்லல?"

பதில் இருந்தது. நீங்கள் எல்லோரும் என்னைப் புகழ்ந்துகொண்டிருந்தீர்கள், அதைக் கெடுத்துக்கொள்ள மனம் வரவில்லை. இதை ஒரு வீட்டுக் கூடத்தில், கட்டுப் போட்ட கையின் முன்னால் சொல்ல முடியுமா? மும்தாஜ் குனிந்து, தரையில் ஆறிப்போயிருந்த டீயை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். புதிதாக ஒரு டம்ளர் கொண்டுவந்து யூசுப்பின் கையில் கொடுத்தார். யூசுப் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதார்.

குடித்து முடித்ததும் அவர் என்னிடம் ஒன்றும் சொல்லாமல் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கரைக்குப் புறப்பட்டார். நான் பின்னால் போனேன். படகு படகாக ஏறினோம். பலர் உடனே கழற்ற விட்டார்கள். வயதான ஒருவர் மட்டும் என்ஜின் மூடி மேல் கையை வைத்துக்கொண்டு, "நம்முளுது நல்லாத்தான் ஓடுது. காதரு படகுல கிளிப்பு லூசுன்னு சொன்னாங்க," என்றார்.

"கழட்டுங்க," என்றேன். "நான் செஞ்சதுதான். தப்பாச் செஞ்சிட்டேன். சூட்டுல உருகும். ஆளு போயிடும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஒரு கேள்வி கேட்கவில்லை. தானே குனிந்து கழற்றி என் கையில் போட்டார். ரப்பர் குழாயின் அடியில் மறைந்திருந்த கழுத்து ஏற்கெனவே சாய ஆரம்பித்திருந்தது. அதை அவரிடம் காட்டினேன். அவர் அல்லாவையும் முருகனையும் சேர்த்துக் கூப்பிட்டார்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எல்லாப் படகுக்கும் வெண்கலத்தில் எல்போ வார்த்துக் கொடுக்க ஏற்பாடு செய்தேன். காதரின் தம்பி பிழைத்து எழுந்தார். ஆனால் அதன் பிறகு அவர் கடலுக்குப் போகவில்லை. பொன்னேரியில் ஒரு கடையில் வேலைக்குப் போகிறார் என்று கேள்வி. காதரின் கை ஆறியது, ஆனாலும் சுட்ட இடத்தில் தோல் சுருங்கி, முஷ்டியை முழுக்க மூட முடியாது. வேறு என்ஜின் போட்டுத் தொழிலைப் பார்க்கிறார். ரம்ஜானுக்கு இன்றும் போன் செய்கிறார். ஒவ்வொரு முறையும் எடுக்கலாமா என்று யோசித்துவிட்டுத்தான் எடுக்கிறேன்.

நம் கடைக்கு வேலை வரும்போது சூடு படுமா, என்ஜின் நின்ற பிறகு எப்படி இருக்கும் என்று நீங்கள் கேட்பதைப் பார்க்கிறேன். சந்தோஷம். அதை நீங்கள் சரியாகச் செய்வீர்கள். ஆனால் எவ்வளவு கேட்டாலும் ஏதோ ஒன்று ஒருநாள் தப்பாகத்தான் போகும். அன்றைக்கு உங்களைப் புகழ்ந்த ஆளுக்குத்தான் நீங்கள் போன் செய்ய வேண்டியிருக்கும். கெட்டியான ரகம், புது ரகம் என்று தொடங்காதீர்கள். தப்பாகச் செய்துவிட்டேன், கழட்டுங்கள். கரையில் அந்தப் பெரியவரிடம் இதைச் சொல்ல எனக்கு ஒரு மூச்சு நேரம்கூட ஆகவில்லை.

யூசுப் என்னோடு சண்டை போடவில்லை. ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. இன்றும் பஜாரில் பார்த்தால் நின்று, "உடம்பு எப்படிக்கா கீது?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார். போன வாரம்கூடப் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். கையில் ஒரு மஞ்சள் பை. உள்ளே உடைந்த பம்புசெட் விசிறி ஒன்று வெளியே துருத்திக்கொண்டு தெரிந்தது. நம் கடையில் அரை நாளில் செய்து தரக்கூடியது. நான் அதைப் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார். பையை மெல்ல அடுத்த கைக்கு மாற்றிக்கொண்டார்.

"எங்கப்பா கெளம்பிட்டே?" என்று கேட்டேன்.

"சும்மா, அரக்கோணம் வரைக்கும்க்கா."

"ஆங், பத்திரமாப் போய்ட்டு வா," என்றேன்.